லிபர்டேரியன்களை எந்தப் பக்கம் வைப்பது?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். லிபர்டேரியன்கள், அதாவது தனிமனிதர் வாழ்விலும் வணிகத்திலும் அரசு முடிந்தவரை தலையிடக் கூடாது என்பவர்கள், வரி, வணிகம், தொழிற்சட்டம் என்று வந்தால் பழமைவாதிகளோடு நிற்கிறார்கள். போதைப்பொருள் சட்டம், தன்பாலினத் திருமணம், கட்டாய ராணுவ சேவை என்று வந்தால் லிபரல்கள் பேசுவதைப் பேசுகிறார்கள். அப்படியானால் அவர்கள் இரண்டிலும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டு நடுவில் நிற்பவர்களா, இல்லை இரண்டில் ஒன்றின் கிளையா? இதுதான் நீங்கள் கேட்டது. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யாரோடு சேர்ந்து வாக்களிக்கிறார்கள் என்பது ஒன்று, யார் வழி வந்தவர்கள் என்பது இன்னொன்று. முதலாவது கூட்டணிக் கணக்கு, இரண்டாவது குடும்ப வரலாறு. பல ஆண்டுகளாக அரசியல் தத்துவம் கற்பிக்கிறேன். வகுப்பில் இந்தத் தலைப்பில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வருவதுதான். என் பதிலைச் சுருக்கிச் சொன்னால், லிபர்டேரியன் சிந்தனை லிபரல் வீட்டில் பிறந்தது. பழமைவாதத்தோடு அதற்கு இருப்பது அண்டை வீட்டுப் பழக்கம், அதுவும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இறுகியது. ஆனால் அந்தப் பழக்கத்துக்குள் ஒரு உண்மையான தத்துவ உறவும் இருக்கிறது. பலரும் அதைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் தமிழில் இந்தச் சொற்களே நம்மைத் தடம் மாற்றிவிடும். லிபரலிசத்தைத் ‘தாராளவாதம்’ என்கிறோம். தாராளம் என்றதும் கை தாராளம், மனசு தாராளம் என்றுதான் தோன்றும். செய்தித்தாளில் ‘தாராளமயம்’ என்றால் அரசின் பிடியைத் தளர்த்திச் சந்தையைத் திறந்துவிடுவது. இதைப் படித்துப் பழகியவர், அமெரிக்காவில் ‘லிபரல்’ என்றால் சந்தைக்குக் கடிவாளம் போடச் சொல்பவர் என்று கேட்டதும் திகைத்துப் போவார். லிபர்டேரியனிசத்தைச் ‘சுதந்திரவாதம்’ என்று மொழிபெயர்ப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. மூன்று தரப்புமே சுதந்திரத்தின் பெயரால்தான் பேசுகின்றன. ஒருவருக்கு மட்டும் அந்தப் பட்டத்தைக் கொடுத்தால், வழக்கை விசாரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதியதாகிவிடும். அதனால் லிபரல், லிபர்டேரியன் என்ற சொற்களை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

குடும்ப வரலாற்றில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதியிலிருந்து தொடங்கலாம். ஜான் லாக் 1689இல் வெளியிட்ட அரசு பற்றிய இரண்டு ஆய்வுரைகளில், ஒவ்வொரு மனிதனும் தன் உடலுக்குத் தானே உடைமையாளன் என்கிறார். தன் உழைப்பைக் கலந்த பொருள் அவனுடையதாகிறது, ஆனால் மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிஞ்சியிருக்க வேண்டும். அரசு என்பது இந்த உரிமைகளைக் காக்க மக்கள் சம்மதித்து அமைத்துக்கொண்ட ஏற்பாடு. 1776இல் ஆடம் ஸ்மித், வணிகத்தில் அரசு வழங்கும் சலுகைகளும் ஏகபோகங்களும் நாட்டின் செல்வத்தைக் குறைக்கின்றன என்று வாதிட்டார். 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில், பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவரை அவருடைய சொந்த நன்மைக்காகக்கூடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று எழுதினார். இந்த மூவரையும் இன்றைய லிபரலும் தன் தாத்தா என்கிறார், லிபர்டேரியனும் தன் தாத்தா என்கிறார். இருவர் சொல்வதும் சரி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தடையற்ற வணிகம், மதச் சுதந்திரம், குறைந்த வரி, பரம்பரைச் சலுகைகளுக்கு எதிர்ப்பு என்று பேசிய ஆங்கிலேய லிபரல்களின் கூட்டத்தில் இன்றைய லிபர்டேரியன் ஒருவர் போய் உட்கார்ந்தால், அவருக்கு வீட்டுக்கு வந்ததுபோலத்தான் இருந்திருக்கும்.

பாகப்பிரிவினை 1880களில் நடந்தது. 1881இல் தாமஸ் ஹில் கிரீன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ ஆசிரியர் ஒப்பந்தச் சுதந்திரம் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். குறுக்கே யாரும் நிற்கவில்லை என்பது மட்டும் சுதந்திரம் ஆகாது, செய்யத் தகுந்த ஒன்றைச் செய்யும் திறன் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பேரம் பேச வழியில்லாத ஒருவர் போடும் ஒப்பந்தத்தைச் சட்டம் கட்டுப்படுத்தினால் அது சுதந்திரத்தைக் குறைப்பதாகாது என்றார் கிரீன். மூன்றே ஆண்டுகளில், 1884இல், ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி எதிர்க்குரல் எழுப்பினார். இன்று லிபரல்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் புதுவகை டோரிகள்தான், அதாவது மக்கள்மேல் அதிகாரம் செலுத்தப் பிரியப்படும் பழைய பிரபுக் கட்சியின் வாரிசுகள் என்றார். 1911இல் லியோனார்ட் ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர் கிரீனின் வழிக்கு முழு வடிவம் கொடுத்தார். 1930களில் அமெரிக்காவில் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பொருளாதாரத்தில் அரசு தலையிடும் தன் திட்டங்களுக்கு ‘லிபரல்’ என்ற பெயரை வைத்துக்கொண்டதோடு, வீட்டுப் பெயர் முழுவதும் ஒரு தரப்புக்குப் போய்விட்டது.

பெயரை இழந்தவர்கள் வேறு பெயர் தேடினார்கள். 1955இல் டீன் ரஸ்ஸல் என்பவர் ஒரு கட்டுரையில், நம்மை லிபர்டேரியன் என்று அழைத்துக்கொள்வோம் என்று முன்மொழிந்தார். அந்தச் சொல் அதற்கு முன்பே வேறொருவரிடம் இருந்தது. 1857இல் ஜோசப் தெஜாக் என்ற பிரெஞ்சு அராஜகவாதி, அதாவது அரசே வேண்டாம் என்பவர், தனிச்சொத்தையும் எதிர்த்தவர், அதன் பிரெஞ்சு வடிவத்தைத் தன் அரசியலுக்குச் சூட்டிக்கொண்டார். ஐரோப்பாவில் நெடுங்காலம் அது இடதுசாரி அராஜகவாதிகளின் சொல்லாகவே இருந்தது.

பிரிவினையின் உள்ளடக்கம் என்ன என்பதை விளக்க நான் வகுப்பில் எடுத்துக்கொள்வது ஒரு ரொட்டிக் கடைக்காரரின் வழக்கு. நியூயார்க் மாநிலம் 1895இல் ஒரு சட்டம் போட்டது. ரொட்டி சுடும் தொழிலாளியிடம் நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. அன்றைக்கு ரொட்டி சுட்ட இடங்கள் பலவும் நெருக்கமான குடியிருப்புகளின் நிலவறைகளில் இருந்தன. காற்றில் மாவுத்தூசி, பக்கத்தில் அடுப்பின் அனல், காலடியில் ஈரம், பெரும்பாலும் இரவு வேலை. யூட்டிகா நகரில் கடை வைத்திருந்த ஜோசப் லாக்னருக்கு, தொழிலாளி ஒருவரை வாரத்தில் 60 மணிக்கு மேல் வேலை செய்ய விட்டதற்காக 50 டாலர் அபராதம் விழுந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1905இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. எத்தனை மணி நேரம் உழைப்பது என்று முதலாளியும் தொழிலாளியும் பேசி முடிப்பதில் அரசு இந்த அளவுக்குத் தலையிட முடியாது என்பது தீர்ப்பு.

இதை மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள். லிபர்டேரியன் கேட்பது இரண்டே கேள்விகள்: யாராவது மிரட்டினார்களா? யாராவது ஏமாற்றினார்களா? இல்லையென்றால் இரண்டு பெரியவர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டில் மூன்றாமவருக்கு வேலையில்லை. தொழிலாளி ஏழை என்பது வருத்தம்தான், ஆனால் அந்த ஏழ்மையை லாக்னர் உண்டாக்கவில்லை. கூடுதல் மணி நேர வேலையைத் தடை செய்தால், ஏற்கனவே கையில் கொஞ்சம் வழிகளே உள்ள ஒருவரிடமிருந்து இன்னொரு வழியையும் பிடுங்குகிறோம். இந்தக் கடைசி வாதத்தை மாணவர்கள் முதலில் சட்டென்று தள்ளிவிடுவார்கள், அப்புறம் நின்று யோசிப்பார்கள். யோசிக்க வேண்டிய வாதம்தான் அது.

கிரீன் வழி வந்த லிபரல் வேறு கேள்வி கேட்பார். முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே நடக்க அந்தத் தொழிலாளியால் முடிந்திருக்குமா? முடியாதென்றால் அவர் கொடுத்த சம்மதத்தின் எடை என்ன? அதோடு, 10 மணி நேரம் போதும் என்று நினைக்கும் நல்ல முதலாளிகூட, அடுத்த தெருக் கடைக்காரர் 14 மணி நேரம் வேலை வாங்கினால் தாக்குப்பிடிக்க முடியாது. எல்லோருக்கும் பொதுவான சட்டம் ஒன்று இருந்தால்தான் அவர் தன் மனசாட்சிப்படி நடக்க முடியும். ஆகச் சட்டம் இங்கே சுதந்திரத்தைக் கூட்டுகிறது.

பழமைவாதி உரிமை என்ற இடத்திலிருந்தே தொடங்குவதில்லை. இந்த நாடு இதுவரை எப்படி நடந்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பார். அந்த வழக்கில் மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸைப் பழமைவாதத் தத்துவவாதி என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவர் எடுத்த சான்றுகளைப் பாருங்கள்: ஞாயிறு கடையடைப்புச் சட்டம், கடும்வட்டித் தடைச் சட்டம். ஒப்பந்தத்தில் சட்டம் தலையிடுவது புதிதல்ல, பழங்காலத்திலிருந்தே நடப்பதுதான் என்றார். ஸ்பென்சரின் நூலை அரசியல் சட்டம் சட்டமாக்கிவிடவில்லை என்றும் பேர் சொல்லியே எழுதினார். பழமைவாதியிடம் இன்னொரு சரடும் உண்டு, மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர்மேல் கடமை இருக்கிறது என்பது. இங்கிலாந்தில் துணி ஆலைகளில் பெண்களுக்கும் பதின்வயதினருக்கும் 10 மணி நேர வரம்பு விதித்த 1847ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடியவர்களில் முன்னணியில் நின்றவர் ஆஷ்லி பிரபு என்ற டோரி. அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஜான் பிரைட் என்ற லிபரல்.

ஆக, வேலை நேரம் என்ற ஒரே விஷயத்தில் 1847இல் பழமைவாதி சட்டம் கேட்கிறார், லிபரல் எதிர்க்கிறார். 1905க்கு வரும்போது லிபரல் சட்டத்தின் பக்கம் நிற்கிறார், லிபர்டேரியன் பழைய லிபரலின் இடத்தில் நிற்கிறார். முடிவுகளை மட்டும் வைத்து யார் யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. காரணத்தைக் கேட்க வேண்டும்.

லிபரலும் லிபர்டேரியனும் உண்மையில் பிரியும் இடத்துக்கு வருகிறேன். வரி எவ்வளவு என்பதைவிட ஆழமான இடம் அது. ஒருவர் தன்னைத்தானே அடிமையாக விற்றுக்கொள்ளலாமா? மில் முடியாது என்கிறார். சுதந்திரம் என்ற கொள்கையே ஒருவருக்குச் சுதந்திரத்தைத் துறக்கும் சுதந்திரத்தைத் தர முடியாது, அந்த ஒப்பந்தம் செல்லாது என்பது அவர் வாதம். லிபர்டேரியன் தத்துவவாதியான ராபர்ட் நோசிக் 1974இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, சுதந்திரமான அமைப்பு அதை அனுமதிக்கும் என்றே தான் நம்புவதாகச் சொல்கிறார். என் உடல் என் உடைமை என்றால், உடைமையை விற்கலாம் என்பதும் அதோடு வந்துவிடுகிறது. எல்லா லிபர்டேரியன்களும் இப்படிச் சொல்லவில்லை. நோசிக்கைவிடத் தீவிரமானவரான மரே ராத்பார்ட், மனிதனின் சித்தத்தைக் கைமாற்ற முடியாது, அதனால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றார். ஆனாலும் அவர்கள் இதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருப்பதே ஒரு சேதி சொல்கிறது. லிபரலுக்குச் சில உரிமைகள் மனிதனிடமிருந்து பிரிக்கவே முடியாதவை, அவற்றைக் காப்பது அரசின் பொது வேலை. லிபர்டேரியனுக்கு உரிமைகள் எல்லாமே சொத்துரிமையின் சாயலில் வார்க்கப்பட்டவை.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு சாமுவேல் ஃப்ரீமன் என்ற தத்துவ அறிஞர் 2001இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். லிபர்டேரியன் கொள்கை லிபரல் கொள்கையே அல்ல, அதிகாரத்தைத் தனியார் ஒப்பந்தங்களின் வலையாகப் பார்ப்பதால் அது நிலப்பிரபுத்துவத்துக்குத்தான் நெருக்கம் என்பது அவர் முடிவு. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படி. அடிமை ஒப்பந்தத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் பிறப்பால் யாருக்கும் யார்மேலும் அதிகாரம் இல்லை என்ற இடத்திலிருந்து தொடங்கும் எதையும் நிலப்பிரபுத்துவத்தோடு சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. வீட்டைவிட்டு வெகுதூரம் போன பிள்ளை என்று சொல்வேன், வீட்டுப் பிள்ளை இல்லை என்று சொல்ல மாட்டேன். இது என் கருத்து. இந்தத் துறையில் ஃப்ரீமன் பக்கம் நிற்கும் நல்ல அறிஞர்கள் இருக்கிறார்கள்.

நோசிக் எழுதியது லிபரல் தத்துவவாதியான ஜான் ரால்ஸுக்குப் பதிலாக. 1971இல் வெளிவந்த ரால்ஸின் நீதிக் கோட்பாடு அடிப்படைச் சுதந்திரங்களைப் பட்டியலிடும்போது மனசாட்சி, பேச்சு, வாக்கு இவற்றோடு சொந்த உடைமை வைத்துக்கொள்ளும் உரிமையையும் சேர்க்கிறது. ஆனால் உற்பத்திச் சாதனங்களை உடைமையாக்கிக்கொள்ளும் உரிமையும் கட்டற்ற ஒப்பந்த உரிமையும் அந்தப் பட்டியலில் இல்லை. நோசிக்கின் பதில் ஒரு கூடைப்பந்து வீரர். வில்ட் சேம்பர்லேன் ஆடுவதைப் பார்க்க 10 லட்சம் பேர் தலைக்கு 25 சென்ட் அவருக்கென்று தனியாகப் போடுகிறார்கள். பருவ முடிவில் அவரிடம் 2,50,000 டாலர் சேர்கிறது. தொடக்கத்தில் இருந்த பங்கீடு எவ்வளவு நியாயமாக இருந்தாலும் இப்போது குலைந்துவிட்டது. இதில் யார் யாருக்கு அநியாயம் செய்தார்கள்? எடுத்துக்காட்டு அழகானது. அந்த 25 சென்ட்டின் மீது பார்வையாளருக்கு இருந்தது எல்லையற்ற உரிமை என்று அது முதலிலேயே வைத்துக்கொள்கிறது என்பது லிபரல்கள் சொல்லும் மறுமொழி. அதுவும் வலுவானதுதான். இந்தச் சண்டை தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, பழமைவாதத்துக்கு வருவோம். பழமைவாதத்தின் தொடக்க நூலாக மதிக்கப்படுவது பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எட்மண்ட் பர்க் 1790இல் எழுதியது. மனித உரிமை என்ற அருவக் கோட்பாட்டிலிருந்து ஒரு நாட்டைப் புதிதாகக் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கையைத்தான் அவர் தாக்கினார். சமூகம் என்பது மிளகு, காப்பி, துணி, புகையிலை வியாபாரத்துக்காகச் சேர்ந்து, வேண்டாதபோது பிரித்துக்கொள்ளும் பங்காளி ஒப்பந்தம் அல்ல, இருப்பவர்களும் இறந்தவர்களும் இனிப் பிறப்பவர்களும் சேர்ந்த உறவு என்றார். இதை அப்படியே எடுத்து நோசிக், ராத்பார்ட் பக்கத்தில் வையுங்கள். உடலுரிமை என்ற ஒரே கொள்கையிலிருந்து முழு அரசியலையும் வரைந்துகாட்டுவது அவர்கள் முறை. பர்க் அஞ்சியது அதே முறைக்குத்தான். உரிமையிலிருந்து தொடங்கும் லிபர்டேரியனுக்கும் பழமைவாதிக்கும் நடுவில் இருக்கும் தூரம், லிபரலுக்கும் பழமைவாதிக்கும் இருப்பதைவிட அதிகம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் லிபர்டேரியன்களில் இன்னொரு வகை உண்டு. அந்த வழியின் பெரிய பெயர் ஃபிரெட்ரிக் ஹாயெக் என்ற பொருளாதார அறிஞர். 1945இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் வெள்ளீயத்தை உதாரணம் காட்டுகிறார். உலகில் எங்கோ ஓரிடத்தில் வெள்ளீயத்துக்குப் புதுத் தேவை வந்திருக்கலாம், இல்லை ஒரு சுரங்கம் வற்றியிருக்கலாம். எது நடந்தது என்று தெரியாமலேயே, விலை ஏறியதைப் பார்த்து ஆயிரக்கணக்கானவர்கள் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தொடங்குவார்கள். எந்த ஒரு தலைக்குள்ளும் அடங்காத அறிவு விலை வழியாகப் பரவுகிறது. அரசு திட்டமிட்டு இதைச் செய்ய முடியாது, அதற்கு அந்த அறிவு கிடைக்கவே கிடைக்காது. கவனித்தீர்களா? வாதம் இங்கே உரிமையைப் பற்றியது இல்லை. மனித அறிவின் எல்லையைப் பற்றியது. மொழி, சட்டம், ஒழுக்கம், பணம் எல்லாம் யாரும் வடிவமைக்காமல் வளர்ந்தவை, அவற்றைக் கலைத்துப் போடுவதற்கு முன் தயங்க வேண்டும் என்று ஹாயெக் சொல்லும்போது பின்னணியில் பர்க்கின் குரலும் கேட்கிறது. நான் முதலில் சொன்ன உண்மையான தத்துவ உறவு இங்கேதான் இருக்கிறது. வரிக்குறைப்பில் அதைத் தேடாதீர்கள். ஒரு சமூகத்தை ஒரு மேசையில் உட்கார்ந்து திட்டமிட்டுவிட முடியாது என்ற பணிவில் தேடுங்கள்.

அந்த ஹாயெக்கே தன்னைப் பழமைவாதி என்று ஒப்புக்கொள்ளவில்லை. 1960இல் வெளியான தன் பெரிய நூலின் பின்னுரையாக, தான் ஏன் பழமைவாதி அல்ல என்பதைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார். பழமைவாதம் வண்டியின் வேகத்தைக் குறைக்கும், திசையை மாற்றாது என்பது ஒரு குற்றச்சாட்டு. சரியானவர்கள் கையில் இருந்தால் அதிகாரம் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை என்று பழமைவாதி நினைக்கிறார் என்பது இன்னொன்று. அதே கட்டுரையில், லிபர்டேரியன் என்ற சொல்லும் செயற்கையாகச் செய்ததுபோல இருக்கிறது, தனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். தன்னைப் பழைய விக் என்று அழைத்துக்கொள்ள விரும்பினார், பர்க் சேர்ந்திருந்த கட்சியின் பெயர் அது. மறுபக்கத்திலிருந்து பழமைவாதியான மைக்கேல் ஓக்‌ஷாட், திட்டமிடலை எதிர்ப்பதற்கென்றே ஒரு திட்டம் போட்டால் அதுவும் அதே பாணி அரசியல்தான் என்று ஹாயெக்கைப் பற்றிக் குறிப்பிட்டார். கூர்மையான பார்வை. இருவரும் எவ்வளவு நெருங்கினார்கள், எந்த இடத்தில் நின்றுவிட்டார்கள் என்பதை அது காட்டுகிறது.

கூட்டணி உருவான கதை வேறு. அமெரிக்காவில் 1955இல் வில்லியம் பக்லி தொடங்கிய ‘நேஷனல் ரிவ்யூ’ பத்திரிகையைச் சுற்றி, சோவியத் கம்யூனிசம், ரூஸ்வெல்ட் வழி அரசு என்ற இரண்டையும் எதிர்த்தவர்கள் கூடினார்கள். அங்கே ஃபிராங்க் மேயர், நல்லொழுக்கம்தான் வாழ்க்கையின் நோக்கம், ஆனால் கட்டாயத்தால் வரும் ஒழுக்கம் ஒழுக்கமே ஆகாது, அதனால் மரபும் சுதந்திரமும் ஒன்றையொன்று தேடுகின்றன என்று இருதரப்பையும் இணைக்கும் வாதத்தை முன்வைத்தார். வாதம் நேர்மையானது. தையல் மட்டும் உறுதியாக இல்லை. 1969இல் செயின்ட் லூயிஸில் நடந்த இளம் பழமைவாதிகளின் மாநாட்டில், வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவ சேவையை எதிர்த்து ஓர் இளைஞர் தன் ராணுவ அழைப்பு அட்டையைக் கொளுத்தினார். அரங்கம் இரண்டுபட்டது. 1971இல் லிபர்டேரியன்கள் தனிக் கட்சியே தொடங்கிவிட்டார்கள். 1975இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரேகன் ஒரு பேட்டியில் பழமைவாதத்தின் உயிரே லிபர்டேரியனிசம்தான் என்ற பொருளில் பேசினார். 1981இல் ரஸ்ஸல் கிர்க் என்ற பழமைவாத அறிஞர், இருவருக்கும் பொதுவாக ஒன்றுமில்லை என்ற அளவுக்கு லிபர்டேரியன்களைச் சாடி எழுதினார். தேர்தலில் நிற்பவரும் தத்துவம் எழுதுபவரும் ஒரே உறவை இப்படித்தான் இரண்டாகப் பார்த்தார்கள்.

கூட்டணி தத்துவத்துக்குச் செய்த சேதமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1960 பிப்ரவரியில் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள், ஒரு கடையில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த உணவு மேடையில் போய் அமர்ந்தார்கள். கடைக்காரர்கள் பரிமாற மறுத்தார்கள், மாணவர்களும் எழ மறுத்தார்கள். 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம் இப்படி மறுப்பதைச் சட்டவிரோதமாக்கியது. நிறப் பிரிவினையைத் தான் ஆதரிக்கவில்லை என்று சொன்ன செனட்டர் பேரி கோல்ட்வாட்டர், தனியார் கடையிலும் வேலைக்கு ஆள் எடுப்பதிலும் அரசு தலையிடும் பிரிவுகளைக் காரணம் காட்டி எதிர்த்து வாக்களித்தார். பிரிவினையைக் கட்டாயமாக்கிய மாநிலச் சட்டங்களை எந்த லிபர்டேரியன் கொள்கையாலும் நியாயப்படுத்த முடியாது, அவை அப்பட்டமான அரசு வன்முறை. ஆனால் கடைக்காரர் தானாகவே மறுத்தால்? சொத்துரிமை வாதம் அங்கே கடைக்காரர் பக்கம் போய் நிற்கிறது, மாநிலத்தின் வழக்கத்தில் கைவைக்காதே என்ற பழமைவாத வாதமும் அதே பக்கம் நிற்கிறது. காரணங்கள் வேறு, துணை போனது ஒரே அநீதிக்கு. இங்கே லிபரல் சொல்வதுதான் சரி என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஊரார் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்த இடத்தில் ஒருவரை நிறம் பார்த்து எழுப்பிவிடுவது, இரண்டு பேருக்கு இடையில் பேரம் படியாமல் போனது மட்டும் அல்ல. அவர் சமமான குடிமகன் என்பதையே அது மறுக்கிறது. எல்லாவற்றையும் உடைமையாகவே பார்க்கும் கண்ணுக்கு அந்த இழப்பு தெரிவதில்லை.

பாதிப் பாதி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். லிபர்டேரியன் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் நோலன் ஒரு வரைபடம் போட்டார். ஒரு அச்சில் பொருளாதாரச் சுதந்திரம், இன்னொன்றில் தனிமனிதச் சுதந்திரம். லிபரல் ஒன்றில் உயரம், பழமைவாதி மற்றதில் உயரம், லிபர்டேரியன் இரண்டிலும் உயரம். பிரசாரத்துக்கு நல்ல படம். ஆனால் மூவரும் ஒரே பொருளைத்தான் கூடவோ குறையவோ விரும்புகிறார்கள் என்று அது வைத்துக்கொள்கிறது. ரொட்டித் தொழிலாளியின் வழக்கில் பார்த்தோமே, சுதந்திரம் என்றால் என்ன என்பதிலேயே அவர்கள் ஒத்துப்போவதில்லை. அளவுகோலே வேறாக இருக்கும்போது அளவை ஒப்பிட்டுப் பயனில்லை.

நான் இங்கே எழுதியது பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் நாடுகளின் கதை. ஐரோப்பாவில் பழமைவாதமும் லிபரலிசமும் வேறு பாதைகளில் வளர்ந்தன. இடது லிபர்டேரியன்கள் என்று ஒரு தரப்பும் உண்டு. உடல் என்னுடையது, ஆனால் நிலமும் இயற்கை வளமும் எல்லோருக்கும் பொது என்பவர்கள் அவர்கள். 1879இல் நில மதிப்பின் மீது மட்டும் வரி போடச் சொன்ன ஹென்றி ஜார்ஜ் அவர்களுக்கு ஒரு முன்னோடி. மற்றவருக்கும் மிஞ்சியிருக்க வேண்டும் என்று லாக் வைத்த நிபந்தனையை அவர்கள்தான் உண்மையில் பொருட்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம், அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இப்போது அந்தக் கூட்டணி எப்படி இருக்கிறது என்பதையும் நீங்கள் மறைமுகமாகக் கேட்டிருந்தீர்கள். 1991இல் சோவியத் யூனியன் கலைந்ததும், இருவரையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றில் பெரிய இழை அறுந்தது. இன்று அமெரிக்கப் பழமைவாதிகளில் ஒரு பெரும் பிரிவு இறக்குமதி வரி வேண்டும், உள்நாட்டுத் தொழிலை அரசு தாங்கிப் பிடிக்க வேண்டும், குடியேற்றத்தை இறுக்க வேண்டும் என்கிறது. லிபர்டேரியன்களில் பெரும்பாலோர் மூன்றையும் எதிர்க்கிறார்கள். பலரும் இதைப் புதுப் பிளவு என்று எழுதுகிறார்கள். ஆனால் இது பழைய பிளவுதான். 1846இல் இங்கிலாந்தில் வெளிநாட்டுத் தானியத்தின் மீதிருந்த வரியைப் பிரதமர் ராபர்ட் பீல் நீக்கியபோது அவருடைய பழமைவாதக் கட்சியே இரண்டாக உடைந்தது. நிலவுடைமையாளர்களைக் காக்கும் வரி வேண்டும் என்று ஒரு பக்கம் டோரிகள் நின்றார்கள். ரொட்டி விலை குறைய வேண்டும், எல்லை திறக்க வேண்டும் என்று எதிர்ப்பக்கம் நின்று பல ஆண்டுகள் இயக்கம் நடத்தியவர்கள் மான்செஸ்டர் லிபரல்கள். இன்றைய லிபர்டேரியன் இறக்குமதி வரிக்கு எதிராகப் பேசுவது ஏறக்குறைய அவர்கள் அன்று பேசியதுதான்.